காத்து அடங்கட்டும்

ஏனுங்க, நீங்க தமிழுங்களா? போன்ல பேசிட்டிருந்தது காதுல விழுந்துச்சு, அதான் கேட்டனுங்க. சித்த அக்கட்டால தள்ளி உக்காந்துக்குங்க. காத்து இந்தப் பெஞ்சுக்கு நேராத்தான் வருது, மருந்துப் புகை உங்க மேல அடிக்கும்.

பயப்பட ஒண்ணுமில்லீங்க. வெறும் அட்டைக் குழாய் ராக்கெட்டுத்தான். அடியில சின்னதா ஒரு மருந்துக் குழலைச் சொருகி, ஒயரை மாட்டி, தள்ளி நின்னு பொத்தானை அமுக்குனா சொய்யுனு மேல போகும். மேல போனதும் தலை கழண்டு, உள்ள மடிச்சு வெச்ச குடை விரிஞ்சு, மெதுவா எறங்கி வரும். எடுத்துட்டு வந்து மறுபடியும் விடலாம். நம்மூர் தீபாவளி ராக்கெட்டு மாதிரி போனா போனதுதான்னு இல்லை. இங்க நரைச்ச தலைக்காரங்கெல்லாம் இதுக்குன்னு சங்கம் வெச்சு விடறாங்க. நான் சங்கத்துலெல்லாம் சேரலீங்க. போய் நின்னா ஆளாளுக்கு நாயம் பேசுவாங்க. எனக்கு அது ஒத்து வராது.

எந்த ஊருங்க? தாராபுரமா! அடடா, நானு கோபிங்க. அப்ப அக்கான்னே கூப்பிடறனே. பொண்ணு மாசமா இருக்குதா? நல்லதுங்க. டாக்டரைப் பாத்துட்டு வர்ற வழியில உங்களைக் கூட்டிட்டுப் போகுமா? சரி, அது வரைக்கும் உக்காருங்க. எனக்கும் காத்து அடங்கோணும். இந்தக் காத்துல விட்டா ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டு போயிரும்.

நுழையறப்ப கேட்டுக்குப் பக்கத்துல ஒரு கம்பம் மொட்டையா நின்னுச்சே, பாத்தீங்களா? அதுல போன வாரம் வரைக்கும் செவப்புப் பலகை மாட்டியிருந்தாங்க. தீத்தடைன்னு. இந்த கொலராடோ ஊரு மழை இல்லாத ஊருங்க. வெயில் காலம் வந்தா புல்லு பூரா காஞ்சு மஞ்சளா நிக்கும். ஒரு பொறி விழுந்தாப் போதும், மலை வரைக்கும் எரிஞ்சிரும். அதனால அடுப்பு மூட்டக் கூடாது, பட்டாசு கூடாது, ராக்கெட்டு கூடாது. தப்புன்னு சொல்லலீங்க. வேண்டியதுதான். ஆனா ஜூன் மாசம் மாட்டறாங்க, அக்டோபர்ல பனி பெஞ்சாத்தான் கழட்டறாங்க. எம்பொண்ணு வர்றதே அந்த ரெண்டு மாச லீவுல.

சம்யுக்தா. பதினாறு வயசுங்க. நான் அம்மிணின்னுதான் கூப்பிடுவேன். அவங்கம்மாகூட நியூஜெர்சில இருக்கறா. நாங்க பிரிஞ்சு ஆறு வருசமாச்சு. சண்டை சச்சரவு ஒண்ணுமில்லீங்க. சுகந்தி நல்லவதான். "உங்ககிட்டப் பேசறதும் ஒண்ணு, இந்தச் செவுத்துக்கிட்டப் பேசறதும் ஒண்ணு"ம்பா. நான் செவுத்துக்கெல்லாம் கோவிச்சுக்கறதில்லை. எனக்கு இந்த ஊர்ல வேலை கெடைச்சுது, வந்துட்டேன். கம்ப்யூட்டர் வேலை, வீட்டுல இருந்தேதான். வாரத்துக்கு ஒருக்கா காய்கறிக் கடைக்குப் போவேன். தனியா இருக்கறது ஒண்ணும் சிரமமில்லீங்க. ஒரு ஆளுக்கு ஆக்கறதுதான் அளவு புடிபடமாட்டீங்குது. எப்பவும் ரெண்டு ஆளுக்கு வந்திருது.

ராக்கெட்டு எப்படி வந்துச்சுன்னா, அவ சின்னவளா இருக்கறப்ப ஸ்கூல்ல ஒண்ணு செய்யச் சொன்னாங்க. நானும் அவளுமா உக்காந்து பசை போட்டு ஒட்டி, ஒரு ஞாயித்துக்கெழமை ஸ்கூல் மைதானத்துல விட்டோம். அது மேல போனதும் ஓடி வந்து என்ற இடுப்பைக் கட்டிக்கிட்டா பாருங்க. "அப்பா, நம்மளுது போயிருச்சுப்பா!" அப்படின்னு. அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது, எங்க ரெண்டு பேருக்கும் இதுதான்னு. இங்க வந்தப்புறம் வீடு தேடறப்பக்கூட, ராக்கெட்டு விட அனுமதிக்கிற பார்க்கு பக்கத்துல வேணும்னு தேடித்தான் புடிச்சேன். ஒவ்வொரு வருசமும் அவளுக்குன்னு ஒண்ணு செய்வேன். ஒவ்வொரு வருசமும் பலகை தொங்கும். அவ போனப்புறம் தடையை எடுப்பாங்க, நான் தனியா வந்து விட்டு வீடியோ புடிச்சு அனுப்புவேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டற படம் ஒண்ணு பதிலுக்கு வரும்.

இந்த வருசம் கேளுங்க. ஏர்போர்ட்டுல எறங்கறா, ரெண்டு பெரிய பெட்டி. எப்பவும் முதுகுல ஒரு பையோட வர்ற புள்ளை. வீட்டுக்கு வந்து தெறந்தா, மேலாப்புல பனிக்கோட்டு! முட்டங்கால் வரைக்கும் வர்ற கோட்டு. வெளிய அடிக்கிற வெயில்ல பல்லியே ரோட்டுல நடக்காது. "என்ன அம்மிணி, ஐஸ்பெட்டிக்குள்ள குடியிருக்கப் போறியா?"ன்னேன். சிரிச்சா. "இங்க குளுரு ஜாஸ்தின்னு சொன்னாங்கப்பா"ன்னா. "அது டிசம்பர்ல கண்ணு"ன்னேன். "தெரியும்பா"ன்னா. அந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு எது எப்பத் தேவைன்னு தெரியும். இதுகளுக்கு ஒண்ணும் தெரியறதில்லை.

நான் தெனமும் எந்திரிச்சதும் முதல் வேலையா போன்ல பாப்பேன், தடையை எடுத்துட்டாங்களான்னு. இல்லைன்னாலும் நடந்து வந்து பலகையை ஒருக்கா நேர்ல பாத்துட்டுப் போவேன். அவளும் கூட வருவா. வழியில பெரிய ஸ்கூல் ஒண்ணு இருக்குதுங்க. அது முன்னாடி வந்ததும் நின்னுக்குவா.

"அப்பா, இது நல்ல ஸ்கூலா?"

"மைதானம் அருமையான மைதானம் கண்ணு. மரமே இல்லை. ஆனா ராக்கெட்டுக்கு விடமாட்டாங்க"ன்னேன்.

"இங்க இருந்து வீட்டுக்கு நடந்தே வந்தரலாம்ல?"

"ஏன், கால் வலிக்குதா?"ன்னு கேட்டேன். மறுபடியும் நடக்க ஆரம்பிச்சுட்டா.

அப்புறம் ஒரு நாளு லைப்ரரிக்குப் போயி, என்ற அட்ரஸைக் குடுத்து கார்டு வாங்கிட்டு வந்தா. ரெண்டு மாசத்துக்கு எதுக்குடா கார்டுன்னு நான் நெனச்சேன். படிக்கற புள்ளை, சரி போகட்டும்னு விட்டுட்டேன். பக்கத்து வீட்டுக்காரம்மாகிட்ட, இங்க பஸ்ஸெல்லாம் எப்படின்னு விசாரிக்கறா. பொட்டப்புள்ளைக்கு எல்லாத்துலயும் ஒரு ஆர்வம்.

ஒரே ஒரு தடவைதானுங்க நான் கோவிச்சேன். என்ற வீட்டுல ரெண்டு ரூமு. அவ வந்தா என்ற ரூமைக் குடுத்துட்டு நான் ஹால்ல சோபாவுல படுத்துக்குவேன். இன்னொரு ரூம் பூராவும் ராக்கெட்டுச் சாமான். குழாயி, பலகை, பெயிண்ட்டு, குடை துணி. நான் மீட்டிங்ல இருந்தப்ப இவ உள்ள போயி எல்லாத்தையும் அள்ளி ஒரு மூலையில அடுக்கி, கூட்டித் தொடச்சு வெச்சிருக்கறா. ஈரம் காயாத இறக்கை ரெண்டு ஒட்டிக்கிச்சு.

"யாரு அம்மிணி இதைத் தொடச் சொன்னது?"

"காலி பண்ணுனா ஒரு கட்டில் போடலாம்பா. ஜன்னல்கூட நல்லாருக்கு."

"கட்டிலைப் போட்டுட்டு இதையெல்லாம் எங்க வெக்கறது? இது பூரா ஆருக்குன்னு செய்யறேன்?"

உனக்குத்தான்னு சொல்ல வந்தனுங்க. அதுக்குள்ள அவ மொகத்தைத் திருப்பிட்டா. அன்னிக்குச் சாயங்காலமே எல்லாத்தையும் பழைய எடத்துல கொண்டு வந்து வெச்சிட்டா. நல்ல புள்ளை. சொன்னாக் கேட்டுக்குவா.

ஆகஸ்டுல நாலு நாள் மழை அடிச்சுது. அதிசயம். அவ ஊருக்குப் போறதுக்கு ரெண்டு நாளுதான் இருக்குது, விடியக்காலம் போனைப் பாக்கறேன், தடை நீக்கம்! ஒரு வாரம் கழிச்சு மறுபடியும் பலகையை மாட்டிட்டாங்க, அது வேற. போயி அவளைத் தட்டி எழுப்பிட்டேன். "அம்மிணி, எடுத்துட்டாங்க, எந்திரி!" அவ என்னமோ ஏதோன்னு பதறி எந்திரிச்சா. விசயத்தைச் சொன்னதும், "ஓ, சரிப்பா"ன்னா. "ஹை"ன்னு குதிப்பான்னு எதிர்பாத்தேன். தூக்கக் கலக்கமாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்.

வந்தோம். இதே எடம்தான். இந்தப் பெஞ்சுதான். அவ பேரை நீலப் பெயிண்ட்டுல எழுதி ஒண்ணு செஞ்சு வெச்சிருந்தேன். ஆனா பாருங்க, மழை போனாலே காத்து வந்திரும். புல்லைக் கிள்ளி மேல போட்டுப் பாத்தா கிடுகிடுன்னு பறக்குது. நான் வேற வழியில்லாம நிக்கறேன். அவ இங்க உக்காந்திருக்கறா, நீங்க உக்காந்த எடத்துல.

"அப்பா, சித்த நேரம் வந்து உக்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு பேசணும்."

"காத்து அடங்கட்டும் அம்மிணி."

"காத்து அடங்குற வரைக்கும் பேசலாம்ல?"

"அடங்குனா உடனே விடோணும். தாமசம் பண்ணுனா காத்து மறுபடியும் எந்திரிச்சிரும்."

நீங்களே சொல்லுங்க, சரிதானுங்களே? இது ஒரு கண்ணு வெச்சுப் பாக்கற வேலை. மரத்தைப் பாக்கோணும், புல்லைப் பாக்கோணும், வானத்தைப் பாக்கோணும். இன்னொருக்கா கூப்பிட்டா. நான் கையைக் காட்டி இருன்னேன். மூணாவது தடவை அவளே எந்திரிச்சு வந்துட்டா. காத்து சித்த தணிஞ்சுதேன்னு நான் மண்டி போட்டு மருந்துக் குழலுக்குள்ள திரிக் கம்பியைச் சொருகிட்டிருக்கேன். மயிரு மாதிரி இருக்கும், கை அசைஞ்சா ஒடிஞ்சிரும். அப்பப் போயி கேக்கறா.

"அப்பா, நான் இங்கயே இருந்து படிக்கட்டுமா?"

நான் தலையைத் தூக்கலீங்க. தூக்குனா கம்பி நழுவிரும்.

"இங்கயா? எதுக்கு?"

"சும்மா. உங்ககூட இருக்கலாம்னு. இன்னும் ரெண்டு வருசப் படிப்புதானே."

இந்த எடத்துல ஒண்ணு சொல்றேன் கேளுங்கக்கா. வேற அப்பனா இருந்தா என்ன செஞ்சிருப்பான்? இதுதான் சாக்குன்னு, "வா, உங்கம்மாவை உட்டுப் போட்டு வந்திரு"ன்னு சொல்லியிருப்பான். நான் அப்படிச் சொல்லலை. பெருந்தன்மையாச் சொன்னேன். "அப்புறம் உங்கம்மா தனியா என்ன பண்ணுவா? அங்க உனக்குப் பழகுன ஸ்கூலு, சிநேகிதப் புள்ளைக. இங்க என்ன இருக்குது, என்னையும் காத்தையும் தவிர? லீவுக்கு வா, போதும்"னேன். சிரிக்கட்டும்னுதான் காத்துன்னு சேத்துச் சொன்னேன். அவ சிரிக்கலை. "ம்"முன்னா.

"பொத்தானை நீ அமுக்கு அம்மிணி. பத்துல இருந்து எண்ணி..."

எண்ணவே இல்லீங்க. வாங்குனா, அமுக்கிட்டா. நான் இன்னும் எந்திரிக்கக்கூட இல்லை, ஓடி வந்து தள்ளி நிக்கறதுக்குள்ள சொய்யுனு போயிருச்சு. ஆனா போச்சு பாருங்க! அத்தனை வருசத்துல அப்படி ஒண்ணு நான் விட்டதில்லை. நேரா, நூல் புடிச்ச மாதிரி. வெள்ளைப் புகை கோடு போட்டு நிக்குது. உச்சியில புள்ளி மாதிரி ஆயி, குடை விரிஞ்சுது. காத்து அதைக் கொண்டுட்டுப் போகுது. நான் பின்னாடியே ஓடறேன், எலி தோண்டி வெச்ச பொந்துல கால் மாட்டி விழுந்து எந்திரிச்சு ஓடறேன். வேலி ஓரமா புடிச்சுட்டேன். ஒரு கீறல் இல்லை.

கையில தூக்கிக்கிட்டு திரும்பி வர்றேன், பெஞ்சுல ஆளைக் காணோம். கார்ல உக்காந்திருக்கறா. பெல்ட்டு போட்டு, நேரா பாத்துக்கிட்டு. "பாத்தியா கண்ணு, எறங்குனதைப் பாத்தியா?"ன்னேன். "மேல போனதைப் பாத்தேன்பா"ன்னா. எறங்கறதைப் பாக்கலை. அதுதானுங்களே அழகு? எனக்கு மனசு விட்டுப் போச்சு. ஆறு வருசம் காத்திருந்து, ரெண்டு நிமிசம் அண்ணாந்து பாக்க முடியலையா ஒரு புள்ளைக்கு? ஆருகிட்டயும் சொல்லலை. உங்ககிட்டத்தான் சொல்றேன்.

ஏர்போர்ட்டுல இன்னொரு கூத்து. பெட்டி எடை ஜாஸ்தின்னுட்டாங்க. வர்றப்ப சரியா இருந்தது போறப்ப எப்படி ஜாஸ்தியாகும்னு நான் கேக்கறேன். நான் குடுத்த ராக்கெட்டை உள்ள வெச்சிருந்தோமில்ல, அதான். ராக்கெட்டை எடுத்தா ஒடிஞ்சிரும்னு, இவ கோட்டை உருவி மேல போட்டுக்கிட்டா. ஆகஸ்டு மாசம், எல்லாரும் கையில்லாத சட்டையில நிக்கறாங்க, எம்பொண்ணு ஒருத்தி பனிக்கோட்டுல! எனக்குச் சிரிப்புத் தாங்கலை. படம் புடிச்சேன். "திரும்பு அம்மிணி, ஒண்ணு எடுத்துக்கறேன்"னேன். காதுல விழுந்துச்சோ இல்லையோ, திரும்பலை. வரிசை நகர நகர அவளும் நகந்து போயிட்டா. அந்தப் படத்துல முதுகுதான் இருக்குது.

அடுத்த நாளு சுகந்தி போன் பண்ணுனா. அவ எனக்குப் பண்ணி ரொம்ப நாளாச்சு. சத்தம் போடுவான்னு பாத்தா, கொரலே எழும்பலை.

"அவ உங்ககிட்டக் கேட்டாளா?"

"எதை?"

"அங்க இருந்து படிக்கறேன்னு."

"கேட்டா. நான் உனக்காகத்தான் வேண்டாம்னேன்"னேன்.

அப்புறம் சொன்னா: "என்கிட்ட மூணு மாசமாச் சண்டை போட்டா. அப்பா தனியாச் சாப்பிடறாரும்மா, தனியாப் பேசறாரும்மான்னு. நான் அழுதுட்டு சரி போன்னேன். ஸ்கூல் சேக்கறதுக்கு வேண்டியதெல்லாம் பெட்டிக்குள்ள வெச்சுக் குடுத்தேன். அவளே உங்ககிட்டக் கேக்கோணும்னு ஆசைப்பட்டா. அதான் நான் சொல்லலை."

நான் கேட்டேன், "எனக்கு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"ன்னு. நியாயம்தானுங்களே? ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு, என்கிட்ட மட்டும் சொல்லாம, நான் கம்பி சொருகற நேரத்துல வந்து கேட்டா நான் என்ன பண்ணுவேன்? அவ, "உங்ககிட்டப் பேசறதும் ஒண்ணு"ன்னு ஆரம்பிச்சா. முடிக்காம வெச்சிட்டா.

அப்பவும் நான் சும்மா இருக்கலீங்க. அம்மிணியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நெசமாவா கண்ணு கேட்ட? அம்மா என்னமோ சொல்றா." அவ, "சும்மா கேட்டேன்பா. விடுங்க. ஸ்கூல் தொறக்கப் போறாங்க"ன்னா. பாத்தீங்களா? சும்மா கேட்டாளாம். சுகந்தி எப்பவும் ஒண்ணை ஒம்பதாக்குவா.

ஏனுங்கக்கா, அப்படிப் பாக்கறீங்க? இப்பக் கூப்பிட்டுச் சொல்லோணுமா? என்னன்னுங்க? வான்னா? அவளே சும்மான்னு சொல்லிட்டாளே. சும்மான்னு சொன்ன புள்ளைகிட்டப் போயி நான் வலியச் சொன்னா அவளுக்கு ஒரு மாதிரி இருக்காதுங்களா? அடுத்த லீவுக்கு அங்கயே ஒரு கடையில வேலைக்குப் போறாளாம். வரமுடியாதுன்னு சொல்லிட்டா. பரவால்லை. புள்ளைக சம்பாதிக்கப் பழகோணும்.

நான் அந்த ரூமைப் பாதி காலி பண்ணிட்டனுங்க. அடுத்தது பெருசாச் செய்யறேன், எடம் வேணுமில்ல. கட்டிலும் ஒண்ணு வாங்கிப் போட்டேன். அது எதுக்குன்னா, பெயிண்ட் அடிச்ச குழாயை நீட்டமா வெச்சுக் காயவெக்க வசதி. மேல மெத்தை போட்டிருக்கறேன், கீறல் விழாம இருக்க. ஜன்னல் பக்கம்தான் போட்டேன். அவ சொன்ன மாதிரி வெளிச்சம் நல்லாத்தான் வருது.

அதா, காத்து நின்னுருச்சு. இலை அசையுதா பாருங்க? இல்லையில்ல. அக்கா, ஒரு ஒத்தாசை பண்ணுங்க. இந்தப் பொத்தான் பொட்டியைப் புடிங்க. நானே அமுக்கி நானே வீடியோ எடுக்க முடியறதில்லை, எல்லா வீடியோவுலயும் மேல கெளம்பறது விட்டுப் போயிருது. சாவியைத் திருப்புங்க. வெளக்கு எரியுதா? நான் எண்ணறேன். அவ எண்ணாம அமுக்குன மாதிரி நீங்க அமுக்கிறாதீங்க. அஞ்சு. நாலு. மூணு. ரெண்டு. ஒண்ணு. அமுக்குங்க!

போச்சு! போச்சு பாத்தீங்களா! அம்மிணி, இங்க பாரு, அக்கா அமுக்குனாங்க, தாராபுரத்து அக்கா! நேராப் போகுது பாரு கண்ணு! வீடியோவுல பேசறனுங்க, அவ கேப்பாள்ல.

குடை விரிஞ்சிருச்சு. இனி மெதுவாத்தான் வரும். பாருங்க, அந்த மரத்துக்கு மேல, செவப்பா.

ஹாரன் அடிக்குதே, உங்க பொண்ணுங்களா? அந்த வெள்ளைக் கார்ல? கையைக் காட்டிக் கூப்பிடுது பாருங்க. போங்கக்கா. அட, அது எறங்கற வரைக்கும் நிக்க வேண்டாமுங்க. அது எங்க போயிரும், நான் போயி எடுத்துக்கறேன். புள்ளைக கூப்பிடறப்ப உடனே போயிரோணுமுங்க.

போங்க. நிக்காதீங்க.